சுண்ணாம்பில் எழுதிய கதை

என் வயதுக்காரிகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வீட்டுக்குத் தூரமாகி ஒதுங்கி உட்காருவதைப் பற்றிய கதை. பேரன் பேத்திகள் பக்கத்தில் இருக்கிறார்களே என்று கூச்சப்படுகிறவர்கள் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். நாமெல்லாம் உட்கார்ந்து எழுந்தவர்கள்தானே, நமக்குள் என்ன ஒளிவு மறைவு?

போன வாரம் என் பேத்தி அவள் அப்பனோடு மல்லுக்கு நின்றாள். புது வீட்டில் அவளுக்கு எழுதுவதற்கென்று தனியாக ஓர் அறை வேண்டுமாம். கதவைச் சாத்தினால் ஒருத்தரும் தட்டக் கூடாதாம். நான் சும்மா இருக்காமல், "என் சித்திக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. அதற்குக் கதவே கிடையாது. ஆனாலும் ஒரு ஈ காக்கை கிட்டே வராது" என்றேன். "எங்கே பாட்டி?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் கூடுதலாக.

மோகனூர்ப் பக்கம், காவிரியிலிருந்து பிரிகிற வாய்க்கால் ஓரத்தில், எங்களுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். வெள்ளைக்காரன் காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. வீட்டை ஆண்டது பெரியம்மா. பெரியப்பா பேருக்குத்தான் பெரியவர். சந்தைக்கு எத்தனை கூடை போக வேண்டும், எந்தக் கன்றுக்குட்டியை விற்க வேண்டும், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போக வேண்டும், எல்லாம் பெரியம்மா வாயிலிருந்துதான் வரும்.

வெற்றிலைக் கொடி ரோஷக்காரச் செடி என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. செருப்போடு உள்ளே நுழையக் கூடாது. தூரமான பெண்ணின் நிழல் பட்டாலே வதங்கிவிடும். மற்ற வீடுகளில் பின்கட்டு மூலையில் உட்கார்ந்தால் போதும். எங்கள் வீட்டில் அது நடக்காது. மாட்டுத் தொழுவத்தையும் தாண்டி, வேலி ஓரத்தில், மண் சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்த ஒரு குடிசை இருந்தது. எங்கள் பக்கம் குடிசையைச் சாளை என்போம். அதற்கு 'தூரத்துச் சாளை' என்று பெயர். மூன்று நாளும் அங்கேதான். ஒரு பாய், ஒரு மண்குடம், ஒரு சிரட்டை, நெளிந்த ஈயத் தட்டு ஒன்று. மேற்குச் சுவரில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதுதான் ஜன்னல்.

அந்தச் சாளையை நான் புகழ்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மழை பெய்தால் ஒழுகும். கூரையிலிருந்து தேள் விழும். வயிற்றுவலியோடு சுருண்டு கிடக்கிற பெண்ணை, தொட்டால் தீட்டு என்று தள்ளி வைத்த இடம் அது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் என் சித்தி அந்த இடத்தை வேறு ஒன்றாக மாற்றிக்கொண்டாள், அதுதான் விஷயம்.

சித்தி சேலத்துப் பெண். அவள் அப்பா அங்கே ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். வந்தது வினை! கல்யாணமாகி வரும்போது சித்தியின் தகரப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் சில கதைப் புத்தகங்களும், பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து ஊசி நூலால் தைத்து வைத்த கட்டுகளும் இருந்தன. எங்கள் வீட்டில் அதுவரை இருந்த ஒரே அச்சுக் காகிதம் பஞ்சாங்கம்தான்.

வந்த புதிதில் ஒரு மத்தியானம் சித்தி கதவோரம் உட்கார்ந்து படித்திருக்கிறாள். பெரியம்மா திட்டக்கூட இல்லை. ஒரு கூடை வெற்றிலையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"கை சும்மா இருக்குதாட்ட இருக்குதே அம்மிணி. இத அடுக்கி வெச்சிரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போது புத்தகத்தை எடுத்தாலும் ஒரு கூடை வந்துவிடும். பொழுது போனால் விளக்கெண்ணெய் வீண் என்று பெரியம்மா விளக்கை அணைத்துவிடுவாள். வெற்றிலையைக் காம்பு பார்த்து, நூறு இலை கொண்ட கவுளி கவுளியாக அடுக்கி, வாழைச் சருகில் கட்டுகிற வேலைக்கு முடிவே கிடையாது.

தூரமானால்தான் அந்த வேலை இல்லை. கொடிக்கால் இலையைத் தொடக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது, தண்ணீர் சேந்தக் கூடாது. மூன்று நாள் முழுக்க யாரும் ஒரு வேலை சொல்ல மாட்டார்கள், பக்கத்திலேயே வர மாட்டார்கள். மற்ற பெண்கள் அங்கே போகும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள். சித்தி மட்டும் தேர் பார்க்கப் போகிறவள் மாதிரி நடப்பாள்.

அங்கே சாப்பாடு கொண்டுபோய் வைப்பது என் வேலை. கம்மஞ்சோறும் மோரும் எடுத்துப்போய் வாசல் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஒரு நாள் சித்தி என்னைப் பார்த்து, "உன்னால ஒரு ஒத்தாசை ஆகோணுமே கண்ணு" என்றாள். அடுத்த தடவை அவள் உள்ளே போவதற்கு முன்பே, அவள் கொடுத்த புத்தகங்களை வாழைப்பட்டையில் சுற்றி, சாணிக் கூடைக்கு அடியில் வைத்து, மேலே நாலு உருண்டை சாணியைப் போட்டுக்கொண்டு போய்ச் சாளைக் கூரையின் எரவாணத்தில் சொருகிவிட்டேன். சரசுவதி சாணிக் கூடையில் சவாரி போனாள்! எனக்குப் பயமே இல்லை. என் வயதில் வேறு யாருக்கும் அப்படி ஒரு ரகசியம் கிடைத்திருக்காது என்று பெருமையாக இருந்தது.

தூரமான பெண் புத்தகத்தைத் தொடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய்தான் கெடும். புத்தகத்தைத் தொட்டால் குடும்பத்துக்கே படிப்பு வராது, பாவம் தலைமுறைக்கும் நிற்கும் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் மட்டும் படிப்பு வழிந்து ஓடியதாக்கும்!

இருக்கிற புத்தகங்கள் எத்தனை தடவைக்குத் தாங்கும்? படித்ததையே படித்து அலுத்துப்போய், ஒரு நாள் சித்தி எழுத ஆரம்பித்தாள். காகிதம் கிடையாது, மை கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் சுண்ணாம்புக்குப் பஞ்சமா? வெற்றிலைக்காரர் வீடாயிற்றே. ஒரு சிரட்டையில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, தென்னை ஈர்க்கின் நுனியைக் கடித்துத் தட்டையாக்கி, சாணி மெழுகிய சுவரில் எழுதினாள். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. காயக் காய வெள்ளை வெளேரென்று எழுத்து எழுந்து வரும். நான் வாசல் கல்லுக்கு அப்பால் நின்றபடி, அவள் எழுதியது தெரிய ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருப்பேன். அந்தச் சாணி வாசனையும், சுண்ணாம்பின் காரமும், ஓட்டை வழியாக விழுந்த சாயங்கால வெயிலும் இப்போதும் எனக்கு அப்படியே வருகின்றன. நான் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. சுவர் எழுத்துப் பெரிதாக இருந்ததால் எனக்கு வசதியாகப் போயிற்று.

பரிசல்காரன் மகள் ஒருத்தியின் கதை அது. காவிரிக்கு அக்கரையை அவள் பார்த்ததே இல்லை. அப்பன் அவளை ஏற்ற மாட்டான். அவன் காய்ச்சலாகக் கிடந்த ஒரு நாள், அக்கரையில் யாரோ துண்டை வீசி வீசிக் கூப்பிடுகிறார்கள். அவள் தானே பரிசலைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிடுகிறாள். நடு ஆற்றில் துடுப்பு கை நழுவிப் போகிறது.

அந்த இடத்தில் சுவர் தீர்ந்துவிட்டது.

மூன்று நாள் முடிந்து வெளியே வரும்போது, சாளையை உள்ளும் புறமும் சாணி கரைத்து மெழுகிவிட்டுத்தான் வர வேண்டும். அது வழக்கம். சித்தி தன் கையாலேயே முழுக் கதையையும் மெழுகி அழித்துவிட்டுத் தலைக்குக் குளித்து வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்புறம் என்னாச்சுங்க சித்தி? துடுப்பு கெடைச்சுதா இல்லீங்களா?" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன்.

"அடுத்த தூரம் வரட்டும் கண்ணு. எனக்குமே தெரியலை."

இந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் வாரா வாரம் இழுத்தடிக்கிறார்களே, எங்களுக்கு அது மாதா மாதம் நடந்தது.

வெற்றிலை அடுக்கும்போது சித்தியின் கை வேலை செய்யும், வாய் முணுமுணுக்கும். எழுத வேண்டிய வரிகள் அவளுக்குள் முட்டிக்கொண்டிருந்தன என்று இப்போது புரிகிறது. கடைசியில் ஒரு நாள், மாதம் பாதிகூடப் போகாத சமயத்தில், முகத்தைச் சுருக்கிக்கொண்டு பெரியம்மாவிடம் போய் நின்றாள்.

"அக்கா, நான் தூரமுங்க."

"அதுக்குள்ளயா?" என்றாள் பெரியம்மா. ஆனால் அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்க முடியாதே. தள்ளி நின்று, போ என்று கையைக் காட்டினாள். சித்தி சாளைக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்தத் தடவை சுவரில், பரிசலில் இருந்த ஓட்டைச் சட்டியால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, பரிசல்காரன் மகள் ஒரு மணல் திட்டில் போய் ஒதுங்கினாள்.

பொய் ஒரு தடவை பலித்தால் விடுவோமா? அதற்கடுத்த மாதமும் இப்படித்தான். மூன்று நாள் ஐந்து நாளாயிற்று. சில சமயம் வெளியே வந்து இரண்டு நாளில் திரும்ப உள்ளே போய்விடுவாள். சித்திக்குக் கதை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. வீட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை.

வீட்டில் என்ன நினைத்தார்கள் என்றால், சித்திக்குப் பெரும்பாடு நோய் வந்துவிட்டது, உடம்பில் ரத்தமெல்லாம் போகிறது என்று.

நாமக்கல்லிலிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். தூரமாக இருக்கிறவளை அவர் எப்படித் தொட்டு நாடி பார்ப்பார்? தொழுவத்து ஓரமாக நின்றுகொண்டு, "கையை வெளிய நீட்டச் சொல்லுங்க" என்றார். சித்தி வாசலுக்கு வெளியே கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெள்ளை, நகக்கண்ணெல்லாம் வெள்ளை, தோல் வெடித்து உரிந்திருந்தது. எல்லாம் சுண்ணாம்பு செய்த வேலை.

"பாத்தீங்களா?" என்றார் வைத்தியர் பெரியப்பாவிடம். "சொட்டு ரத்தம் இல்லை. நகம் வெளுத்துப் போச்சு. இந்தப் புள்ளை அலையவே கூடாது. உக்காந்த எடத்துலயே இருக்கோணும்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க வாயில் பாவாடையை அடைத்துக்கொண்டேன். சித்திக்கு வாழைப்பூச் சாறும், ஏதோ பட்டைக் கஷாயமும் வந்தன. குடித்தாள். கசப்பில் உடம்பு உதறும். குடித்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருந்து எழுதினாள்.

ஆனால் சிரிப்பு சீக்கிரமே போய்விட்டது. சித்தி வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் பிள்ளை இல்லை. இப்போது நோய் வேறு. பெரியம்மா வாயிலிருந்து அந்தப் பேச்சு மெல்ல வெளியே வந்தது. சித்தப்பாவுக்கு இன்னொரு கல்யாணம். பரமத்திப் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம். இவளை விரட்ட வேண்டாம், இவள் ஒரு பக்கம் இருந்துகொள்ளட்டும், வம்சத்துக்கு ஒருத்தி வேண்டாமா என்றாள். சித்தப்பா நல்ல மனுஷர், ஆனால் மூத்தவர்கள் பேச்சுக்கு எதிரே வாயைத் திறக்கத் தெரியாது. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் என் அம்மாவும் தூரமாகி உள்ளே போனாள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது, அதனால் சித்தி செய்வது ஒன்றும் அவளுக்குத் தெரியாது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சாப்பாட்டோடு போனபோது அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், சித்தி சுவரைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள்! அம்மா அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து நான் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், இருவரும் ஒரே சமயத்தில் உட்காருகிற மாதங்களில் அம்மாவும் கொஞ்சம் வேகமாகத்தான் அந்தப் பக்கம் நடப்பாள்.

என்னைப் பார்த்ததும் சித்தி படிப்பதை நிறுத்தினாள். அம்மா முகம் மாறிற்று. பரமத்திப் பெண்ணைப் பற்றி அவள்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கெளமை பொண்ணுப் பாக்கப் போறாங்களாம். நீ இங்கயே உக்காந்திருந்தீன்னா, அங்க உன்ற எடத்துல இன்னொருத்தி வந்து உக்காந்துக்குவா. போய் உள்ளதச் சொல்லு."

"என்னன்னு சொல்றதுங்க அக்கா? தூரத்துச் சாளைல வெச்சுப் படிச்சேன், எழுதினேன்னு சொன்னா என்னைய ஊட்டுக்குள்ள சேப்பாங்களா? சொல்லாமப் போனா அவரை இன்னொருத்திக்குக் குடுத்துருவாங்க. நான் எந்தப் பக்கம் போறது?" என்று சித்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிரித்துக்கொண்டே இருக்கிற சித்தி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். துடுப்பை விட்டது பரிசல்காரன் மகள் இல்லை, என் சித்திதான் என்று எனக்குத் திக்கென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் வண்டி பூட்டி நின்றது. மாட்டுக் கொம்பில் எண்ணெய் மினுமினுத்தது. தாம்பாளத்தில் தேங்காய் பழம், பூ, புது வெற்றிலைக் கவுளி. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சித்தப்பாவைப் பலியாடு மாதிரி வண்டியோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஊருக்குத் துணி வெளுக்கிற அம்மாள் மூட்டையோடு வந்து ஓரமாக நின்றிருந்தாள். பெரியம்மா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, "சகுனம் பாத்து ஏறுங்க" என்றாள்.

தொழுவத்துப் பக்கமிருந்து சித்தி வந்தாள்.

தூரமானவள் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே வருவதா! "அடியே, நில்லு! அங்கயே நில்லு!" என்று பெரியம்மா அலறினாள். சித்தி நிற்கவில்லை. நேராக வாசலைத் தாண்டினாள், வீட்டுக்குள் போனாள், குடிதண்ணீர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்து, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா வண்டிக்குப் பின்னால் போய் ஒதுங்கினார்.

"நான் தூரமில்லீங்க அக்கா. எனக்கு ஒரு நோயுமில்லீங்க."

"பின்ன எதுக்குடி மாசத்துல பாதி நாளு அங்க போய் உக்காந்தே?"

"படிக்கறதுக்குங்க. அப்புறம்... எழுதறதுக்குங்க."

பெரியம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கண் இரண்டும் விரிந்தன. "தூரத்துல பொஸ்தகத்தையா தொட்டே? கொடிக்கால் வெச்சிருக்கற ஊட்டுல?"

"தூரமே இல்லீங்களே. அது பொய்த் தூரமுங்க. பொய்த் தூரத்துல தொட்டாப் பாவம் எப்படீங்க வரும்?"

துணி வெளுக்கிற அம்மாள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். பெரியம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னுங்க. சின்னம்மிணிக்குத் தூரத்துக்குன்னு நான் குடுக்கற மாத்துத் துணி குடுத்த மடிப்புக் கலையாமத் திரும்பி வருது. ஒழுங்கா மாசா மாசம் ஒருக்காத்தான் வெளுக்கற வேலை."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டீங்க? கேட்டது வைத்தியரைத்தானுங்களே!"

சித்தப்பா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். முதல் தடவையாக அவர் குரல் எல்லார் முன்னாலும் கேட்டது. "வண்டிய அவுத்துரட்டுமாங்க அண்ணி?" யாரும் பதில் சொல்வதற்கு முன்னாலேயே மாட்டை அவிழ்த்துவிட்டார். எனக்கு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் பெரியம்மா அவ்வளவு லேசில் ஏமாறுகிறவள் இல்லை. குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்ற சித்தியை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லா நாளும் பொய்யில்லையே. மாசத்துக்கு ஒரு தரம் நெசந்தானே? அப்பவும் தொட்டிருப்பீல்ல?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, விறுவிறுவென்று தூரத்துச் சாளைக்கு நடந்தாள். அவளுக்கு விலக்கு நின்று பல வருஷமாகியிருந்தது. அந்தப் பக்கம் அவள் போயே ரொம்ப நாளாயிற்று. நானும் பின்னாலேயே ஓடினேன். சுவரை இன்னும் மெழுகியிருக்கவில்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் வெள்ளை எழுத்து. பெரியம்மா நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்குது சாமி? படி."

நான் பயந்துகொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மணல் திட்டில் ஒதுங்கிய பரிசல்காரன் மகள், அங்கே கிடந்த மூங்கிலை எடுத்துத் துடுப்பாக்கிக்கொண்டு, வெள்ளம் ஏறுவதற்குள் அக்கரைக்குப் போகப் பார்க்கிறாள். அக்கரையில் துண்டு வீசியவர் யார் என்று இப்போது தெரிகிற மாதிரி இருக்கிறது. ஒரு பெண். கையில் குழந்தை வைத்திருக்கிறாள். சுவர் மூலைக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றாள் பெரியம்மா.

"அவ்வளவுதானுங்க. இன்னும் எழுதலீங்க."

பெரியம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், சாணியைக் கரைத்து அப்போதே அழிக்கச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தீர்ப்பு வந்தது. சரசுவதியைத் தூரத்துச் சாளையில் வைத்தது பாவம். அது கழிய வேண்டுமானால் அவளுக்கென்று சுத்தமான இடம் ஒன்று ஒதுக்க வேண்டும். வெற்றிலைக் கொட்டகையின் வடக்கு மூலையைத் தட்டி வைத்துத் தடுத்து, வெள்ளையடித்து, பலகை ஒன்று போட வேண்டும். தினமும் வெயில் தாழ விளக்கேற்றி அங்கே படிக்க வேண்டும். தப்புப் பண்ணினவள்தான் படிக்க வேண்டும், வேறு யாரும் அவளுக்குப் பதிலாகச் செய்யக் கூடாது. அந்த நேரத்தில் அவளிடம் யாரும் வேலை சொல்லக் கூடாது, பரிகாரம் கெட்டுவிடும்.

"எத்தனை நாளைக்குங்க அக்கா?" என்று கேட்டாள் சித்தி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரியும், அது பயத்தில் பொத்தினது இல்லை.

"கழியற வரைக்கும்" என்றாள் பெரியம்மா. கழிந்தது என்று அவள் சாகும் வரை சொல்லவே இல்லை.

பாவம் என்று நிஜமாகவே நம்பித்தான் அப்படிச் சொன்னாளா, வேறு வழியில் கொடுக்கத் தெரியாமல் தண்டனையாகக் கொடுத்தாளா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. அப்போது அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் நினைத்தேன். சித்தப்பா சந்தைக்குப் போய்த் திரும்பும்போது காகிதமும் மையும் வாங்கி வந்தார். கொட்டகையின் ஈரத் தரையும் வெற்றிலை வாசனையுமாக அந்த மூலை எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். சித்தி எழுத, தட்டிக்கு இந்தப் பக்கம் அம்மா வெற்றிலை அடுக்கியபடி, "உரக்கச் சொல்லு புள்ளே" என்பாள். மறு வருஷம் சித்திக்கு மகன் பிறந்தான். வைத்தியர் தன் கஷாயத்தால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லிக்கொள்ளட்டும், அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே.

இனி என் விஷயம். சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்றில் நான் பெரியவளானேன். தாய்மாமன் வந்து பச்சைத் தென்னை ஓலையில் வாசலோரம் குச்சுக் கட்டினார். உள்ளே உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பச்சை ஓலை நெடி, வயிற்றுவலி, தனிமை. ஒன்றும் புரியாமல் அழுகையாக வந்தது. சித்தி தன் கதையை அப்போதுதான் காகிதத்தில் முழுக்க எழுதி, நூல் கோத்துத் தைத்து முடித்திருந்தாள். நான் கடைசிப் பகுதியை இன்னும் படிக்கவில்லை. குச்சுக்குள்ளிருந்து பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

"பெரியம்மா, எனக்கு அந்தக் கதை வேணுமுங்க."

"தூரத்துல பொஸ்தகத்தைத் தொடக் கூடாது சாமி. அது மட்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நடந்த பிறகும் இவள் மாறவில்லையே என்று ஓலையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா திரும்பி வந்தாள். குச்சு வாசலுக்கு வெளியே, நிழல்கூட உள்ளே விழாத தூரத்தில், வெயிலில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தாள். கை காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். மடியிலிருந்து சித்தியின் கதைக் கட்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, என் பக்கமாகக் காட்டிப் பிடித்துக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"நீ தொடாதே. நான் புடிச்சுக்கறேன். நீ படி."

"அது தலைகீழா இருக்குதுங்க பெரியம்மா."

திருப்பிப் பிடித்தாள். நான் படித்தேன். பக்கம் முடிந்ததும் நான் தலையாட்டுவேன், அவள் விரலில் எச்சில் தொடாமல், சேலையில் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவாள். வெயில் ஏறியது. கட்டு தாழ்ந்து தாழ்ந்து போக, அவள் திரும்பத் திரும்பத் தூக்கிப் பிடித்தாள். "வலிக்குதுங்களா, வெச்சிருங்க" என்றேன்.

"அட, நீ படி சாமி" என்றாள் பெரியம்மா. "அந்தப் புள்ளை அக்கரைக்குப் போயிருச்சா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல."